பெல்ட் சத்தம்

பெல்ட் சத்தம் என்றால் ஒரே இழுவையாக இழுக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் வீறிடும், கொஞ்சம் சூடேறினால் தானாக அடங்கும், மழை பிடித்தால் மறுபடி ஆரம்பிக்கும். இதெல்லாம் அருளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்று மதியம், திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டிக்கொண்டு வேனை நியூட்ரலில் போட்டு நின்றபோது, முன்சீட்டுக்கு அடியிலிருந்து வந்த அந்தக் கீச்சுச் சத்தம் நீளமாக இழுத்தது, நின்றது, பிறகு இன்னும் மெல்லியதாக இழுத்தது. நின்ற அந்தச் சின்ன இடைவெளியில் வேறொன்றும் கேட்டது. யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம்.

பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அருள் கியரைப் போட்டு நகர்த்தினான். ஓட ஆரம்பித்ததும் டயர் சத்தம், கதவு ஆடும் சத்தம், பின்னால் கிடந்த அலுமினிய ஏணி குலுங்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து அதை மூடிவிட்டன. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்த்திருந்தது. ஒரு பழைய வேன் கீச்சிட்டதற்கு, வீட்டு வயரிங் வேலைக்காக ஊரெல்லாம் ஏணி ஏறுகிற ஆம்பிளை வியர்ப்பானா என்று கேட்கலாம். வீட்டில் வெண்ணிலாவைப் போல ஒரு பிள்ளை இருந்தால் வியர்ப்பான்.

வெண்ணிலா அவனுடைய ஒரே பெண். யூகேஜி படிக்கிறாள். தவழ்கிற வயதிலிருந்தே இழுப்பு. மற்ற வீடுகளில் அப்பன்மார் ராத்திரி எழுந்தால் கதவு பூட்டியிருக்கிறதா, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்; அருள் எழுந்தால் மகளின் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பான். முதலில் மெல்லிசாக ஊதும். பிறகு கீச்சென்று நீளும். அப்புறம் விலா எலும்புக்கு நடுவே தோல் குழிய ஆரம்பித்துவிடும். போன வருஷம் மழைக்காலத்தில் அப்படி ஒரு சாயங்காலம், ஆட்டோவும் கிடைக்காமல் பஸ்ஸும் வராமல் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போவதை அவன் தன் தோளின் மேலேயே பார்த்தான். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த நிறம் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. ஓட்டையோ உடைசலோ, வாசலில் ஒரு வண்டி நின்றாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அப்படி வந்ததுதான் இந்த வேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிற பழைய ரகம். மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில் வாங்கினான். விற்ற மாசிலாமணி கடலுக்குப் போகிறவர். வாயைத் திறக்கவே இல்லை. பேசியதெல்லாம் அவர் மனைவி விசாலாட்சிதான்.

"பையனுக்கு ஒடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலஞ்சிக்கினு இருந்தோம் தம்பி. இப்ப நல்லாயிட்டான். இனிமே வண்டி எதுக்கு?"

நல்லாகித்தான் இருந்தான். மணலில் பிளாஸ்டிக் பந்தை உதைத்துக்கொண்டு ஓடினான். சாவி கை மாறும்போது விசாலாட்சி ஒன்று சொன்னாள்: "கயிற மட்டும் அவுத்துடாதீங்க." முன் பம்பரில் சோழி கோத்த கறுப்பு முடிக்கயிறு கண்ணேறுக்காகத் தொங்கியது. அருள் சர்ச்சுக்குப் போகிறவன், இதிலெல்லாம் பிடிப்பு கிடையாது. ஆனாலும் ஒரு பொம்பளை வாய்விட்டுக் கேட்கிறாளே என்று தலையாட்டினான். அவன் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அவள் ஓடிப்போய்ப் பையனை இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டு, அவன் இரண்டு காதையும் பொத்தினாள். ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்குக் குறுக்கே பிள்ளை வந்துவிடக் கூடாதென்று தாய்க்காரி பயப்படுகிறாள் என்றுதான் அருள் நினைத்தான்.

கீச்சுச் சத்தம் அன்றைக்கு வழியிலேயே ஆரம்பித்துவிட்டது. கண்டவனெல்லாம் வைத்தியன் என்கிற கதையாக, ஆளுக்கொன்று சொன்னார்கள். பெல்ட் என்றார்கள், மாற்றினான். பிரேக் பேடு என்றார்கள், அதையும் மாற்றினான். கதவு ரப்பர் என்று ஒருவர் சொல்ல, அதற்கு வாஸ்லின்கூடத் தடவிப் பார்த்தான். அவன் மனைவி ஆரோக்கியசெல்விக்கு இது சிரிப்பாக இருந்தது. "சத்தம் போட்டா போட்டுக்கினு போவுது, வுடுங்க. இந்த வண்டி வந்ததுலேருந்து பாப்பாவுக்கு ஒரு நாளு கூட இழுக்கல. ராசியான வண்டி" என்பாள்.

அதுவும் உண்மைதான். இந்த மழைக்காலம் முழுக்க வெண்ணிலா மூச்சுத் திணறவில்லை. ஆனால் அருளின் பயம் வேறு. பிள்ளைக்கு இடது பக்க முன்சீட்டு என்றால் உயிர். கீழே இன்ஜின் இருப்பதால் சீட்டு எப்போதும் கதகதப்பாக இருக்கும், 'இட்லி சீட்டு' என்று பேர் வைத்திருந்தாள். அந்தச் சீட்டுக்கு அடியிலிருந்து வருகிற சத்தமும் அவளுக்கு இழுப்பு வந்தால் நெஞ்சிலிருந்து வருகிற சத்தமும் ஒன்றேதான். நாளைக்கு அவளுக்கு உண்மையிலேயே இழுத்தால், அது வண்டியா பிள்ளையா என்று எப்படித் தெரியும்? அந்தப் பயத்தில் நட்டநடு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் நெஞ்சில் காதை வைப்பான். அவளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்துவிடும்.

"நான் இல்லப்பா. வண்டிப்பா."

அன்று நெரிசலிலிருந்து வெளியே வந்ததும் அருள் நேராக மயிலம் ரோட்டிலிருந்த பெரியதம்பியின் பட்டறைக்கு வண்டியை விட்டான். தகரக் கூரை, புளியமரம், மண்ணோடு மண்ணாக ஊறிய பழைய ஆயில் வாடை. பெரியதம்பி நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "வாப்பா அருளு, பொண்டாட்டிய விட்டுட்டு வண்டியக் கட்டிக்கினு அழுவுற ஆளு நீ ஒருத்தன்தான்" என்றபடியே இடது சீட்டைத் தூக்கி நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கீச்சென்று இழுத்தது. நின்றது. இழுத்தது.

முதலில் ஓடுகிற பெல்ட்டின் மேல் தண்ணீர் தெளித்தார். பெல்ட் கத்துவதாக இருந்தால் தண்ணீர் பட்டதும் ஒரு நிமிஷம் வாயை மூடும். மூடவில்லை. "சரி, அதையும்தான் பாத்துடலாம்" என்று வண்டியை அணைத்து, பெல்ட்டையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணு" என்றார். பெல்ட் இல்லாவிட்டால் அது சுற்றுகிற எதுவும் சுற்றாது. சத்தமும் வரக் கூடாது. அருள் சாவியைத் திருப்பினான். பேட்டரி முனகி முனகி ஒருவழியாக இன்ஜின் பிடித்தது.

கீச்ச்ச்.

பெரியதம்பி கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார். "இன்னாப்பா இது பேஜாரா இருக்குது" என்றார். குரலில் கிண்டல் குறைந்திருந்தது.

சுவரிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, முனையை இன்ஜினின் ஒவ்வொரு பாகத்திலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிற அதே பாவனை. இங்கே இல்லை. இங்கேயும் இல்லை. டைனமோவைத் தாங்குகிற இரும்புப் பட்டையைத் தொட்டதும் அவர் முகம் அப்படியே நின்றது. வெடுக்கென்று காதை எடுத்துக்கொண்டார்.

"இங்கதான். நீ கேளு."

அருள் வாங்கிக் காதில் வைத்தான். பிடியில் பெரியதம்பியின் வியர்வை பிசுபிசுத்தது. இன்ஜின் அதிர்வு கபாலத்துக்குள் இறங்கியது. அந்த அதிர்வுக்கு அடியில், ரொம்பப் பக்கத்தில், மூச்சு. உள்ளே போவது கஷ்டப்பட்டுப் போனது. விழுங்கியது. வெளியே வருவது கீச்சிட்டுக்கொண்டு வந்தது. அப்புறம் ஒரு இருமல். சின்ன இருமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற மாதிரி.

"அண்ணே, உங்களுக்கு இன்னா கேட்டுது?"

"பேரிங்கு" என்றார் பெரியதம்பி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

டார்ச் அடித்துப் பட்டைக்குப் பின்னால் பார்த்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு கறுப்புக் கயிறு பட்டையை இறுக்கிச் சுற்றி முடிச்சு முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் நுனியில் கோத்த சின்ன வெள்ளித் தாயத்து இரும்பில் உரசி உரசித் துடித்துக்கொண்டிருந்தது. பெரியதம்பிக்கு உயிர் திரும்பியது. "தோ! இதான்யா உன் பேயி! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிங்கறது சரியாத்தான் போச்சி" என்று உரக்கச் சிரித்தார். அருளும் சிரித்தான். வண்டியை அணைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்தார்கள். குழந்தை இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிறு. தொப்புள்கொடி வைத்த தாயத்து.

முடிச்சு அவிழவில்லை. பெரியதம்பி பிளேடை எடுத்து, ஏனோ தயங்கி, அருளிடம் நீட்டினார். "உன் வண்டி. நீயே அறுத்துடு."

விசாலாட்சி சொன்னது அருளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. எழுந்து போய் முன்னால் பார்த்தான். பம்பரில் சோழிக்கயிறு பத்திரமாக இருந்தது. அவள் சொன்னது இதைத்தானே, இதை யார் தொட்டது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். பிளேடை அரைஞாணில் வைத்தபோது வேறொன்றும் மனதில் ஓடியது. அவன் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் அரைஞாணை அறுத்துப் பார்த்திருக்கிறான். அப்பாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கும்போது. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பழசானால் புதுசு கட்டிவிட்டுத்தான் அதை எடுப்பார்கள். எந்த ஊரிலும் அதுதான் வழக்கம். ஆனால் இது இரும்பு. இரும்புக்கு என்ன வழக்கம் வேண்டிக்கிடக்கிறது. இழுத்து அறுத்தான். தாயத்தோடு சேர்த்துக் கழிவு ஆயில் டின்னில் போட்டான். அது ஓசையில்லாமல் உள்ளே போனது.

பெல்ட்டை மாட்டி ஸ்டார்ட் செய்தபோது வண்டி வாயே திறக்கவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக இன்ஜின் சத்தம் இன்ஜின் சத்தமாக மட்டும் கேட்டது. அருளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேட்டரி படுத்துக்கற நெலமையில கீது" என்றார் பெரியதம்பி. "ஜல்தியா மாத்திடு. அதுவரைக்கும் சும்மா சும்மா ஆஃப் பண்ணிக்கினு இருக்காத."

பள்ளிக்கூடம் விட்டபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது. வெண்ணிலா ஓடிவந்து இட்லி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் சீட் பெல்ட் மாட்டிவிட்டான். அவள் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ப்பா, வண்டி தூங்கிடிச்சா?"

"ஆமாண்டா. நல்லாத் தூங்கிடிச்சி."

ஜவுளிக்கடை வாசலில் செல்வி காத்துக்கொண்டிருப்பாள், அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. ஈரச் சாலையில் விளக்குகள் அதற்குள்ளேயே எரிய ஆரம்பித்திருந்தன. வெண்ணிலா ஏதோ ரைம்ஸ் சொல்லிக்கொண்டு வந்தாள், நடுவில் நிறுத்திவிட்டாள். வளைவு திரும்பும்போது சீட்டுப் பக்கமிருந்து கீச்சென்று இழுத்தது.

'அட, மறுபடியுமா' என்று அருள் அலுத்துக்கொண்டான். கயிறு இல்லையென்றால் அப்புறம் எதுதான் கத்துகிறது என்று யோசித்தபடி சீட்டைப் பார்த்தான். வெண்ணிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, தோளைத் தூக்கி உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி இல்லப்பா" என்றாள். இழுத்தாள். விழுங்கினாள். "நான்ப்பா."

பையிலிருந்த இழுப்பு மருந்துப் பம்பை அவள் வாயில் வைத்து அடித்தான். மறுபடி அடித்தான். இழுப்பு அடங்கவில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, மெதுவாக்கினான். செல்வி பின்கதவை இழுத்து ஓடி ஏறினாள். பிள்ளையை ஒரு பார்வை பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டரம்மாகிட்டயே போயிடலாம். ஜல்தி போங்க."

வெண்ணிலாவைக் கைக்குழந்தையிலிருந்து பார்க்கிற டாக்டர் சூர்யகலாவின் ஆஸ்பத்திரி விழுப்புரத்தில் இருந்தது. பைபாஸில் ஏறிவிட்டால் நேர் ரோடு. அருள் மிதித்தான். கூட்டேரிப்பட்டு வரைக்கும் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனான். மழை கண்ணாடியில் அறைந்தது. கரும்பு டிராக்டர் ஒன்று விளக்கே இல்லாமல் முன்னால் ஆடிக்கொண்டு போக, பிரேக்கை மிதித்தான். அப்போதுதான் அதைக் கவனித்தான்.

வேகம் குறைந்ததும் வெண்ணிலாவின் கீச்சு இறங்கியது.

கியரை மாற்றி மறுபடி மிதித்தான். அது ஏறியது. மூன்றாவது கியரில் ஒரு சுருதி, நான்காவதில் ஒரு சுருதி. காலை எடுத்தான். பிள்ளையின் மூச்சு நீண்டு தாழ்ந்தது. மிதித்தான். வேகவேகமாக இழுத்தது. இது தற்செயல். பயந்த மனசு எதையும் எதோடும் முடிச்சுப் போடும். மறுபடி காலை எடுத்தான்.

தாழ்ந்தது.

"இன்னாங்க ஓட்டறீங்க நீங்க? ஒழுங்கா போங்க!" என்று பின்னாலிருந்து செல்வி கத்தினாள். கையில் ஜெபமாலை. கண் மூடியிருந்தது. அவள் பார்க்கவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை நீளமாக நின்றது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற கார்கள், பஸ்கள், புகை, ஈரப் புழுக்கம், வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவன் கண்ணாடியைத் தட்டினான். வண்டி நின்ற இடத்தில் நடுங்கியது. வெண்ணிலா மெலிதாக, சீராக, இன்ஜினின் நடுக்கத்தோடு நடுக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் போன கார் நகர்ந்தது. அருள் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

வெண்ணிலாவும்.

இருமல் இல்லை. கீச்சு இல்லை. கண் திறந்தபடி. வாய் திறந்தபடி. நெஞ்சு அசையவில்லை. உதடு. அந்த நிறம்.

சாவியைத் திருப்பினான். முனகியது. பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன். மறுபடி. இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது. வெண்ணிலா இருமிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"ப்பா" என்றாள்.

அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், ஒரு கையால் போனை எடுத்து விசாலாட்சியைக் கூப்பிட்டான். பின்னணியில் அலைச் சத்தமும், பந்து சுவரில் மோதுகிற சத்தமும், ஒரு பையன் சிரிப்பதும் கேட்டது.

"அக்கா, வேன் வாங்கினேனே, அருள். சீட்டுக்கு அடியில ஒரு கயிறு இருந்துச்சே."

பந்துச் சத்தம் தூரமாகப் போனது. அவள் வெளியே நடந்துவந்திருக்க வேண்டும்.

"இருந்துச்சா?" என்றாள். "இருந்துச்சின்னா?"

"அறுத்துட்டேங்க்கா."

"எம் புள்ளையோட இழுப்ப அந்தக் கயித்துலதான் கட்டிவச்சிருந்தோம்" என்றாள். அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை.

"உங்க வூட்டுல புள்ளைங்க இருக்குதுன்னு நீங்க சொல்லவே இல்லியே தம்பி."

"அக்கா, இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"வண்டிய நிறுத்தாதீங்க" என்றாள். "எங்க போனாலும் சரி. நிறுத்தாதீங்க." போன் அணைந்தது. திரும்பக் கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப்.

முண்டியம்பாக்கம் போனது. ரயில்வே மேம்பாலம் போனது. விழுப்புரத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் இன்ஜினுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டான். விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. வைப்பர் பாதி தூரம் போய் யோசித்துவிட்டுத் திரும்பியது. பேட்டரி. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்து போர்டிகோவில் நிறுத்தினான். நியூட்ரல். கால் ஆக்ஸிலேட்டரில். இறங்கவில்லை.

நர்ஸ் வந்து இடது கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினாள். அருள் சீட் பெல்ட்டின் கொக்கியை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். "இங்கயே பாக்கச் சொல்லுங்க. டாக்டரம்மாவ இங்க வரச் சொல்லுங்க." அவன் முகத்தைப் பார்த்த நர்ஸ் உள்ளே ஓடினாள்.

டாக்டர் சூர்யகலா மழையிலேயே ஓடிவந்தார். வெண்ணிலாவின் சட்டையை விலக்கிக் குழாயை நெஞ்சில் வைத்தார். நெற்றி சுருங்கியது. வேறு இடத்தில் வைத்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க அருள். இன்ஜின் சத்தம்தான் கேக்குது."

"இல்ல டாக்டர்."

"நெஞ்சு சத்தமே கேக்கல எனக்கு. ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணா செத்துடுவா டாக்டர். நிறுத்தக் கூடாது."

"என்ன பேசறீங்க? ஆஃப் பண்ணுங்க!"

அவன் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் பின்சீட்டிலிருந்து தோளைத் தாண்டி வந்த கையைப் பார்க்கவில்லை. செல்வியின் கை. ஜெபமாலை சுற்றிய கை. சாவியைத் திருப்பி உருவிக்கொண்டது.

அமைதி.

போர்டிகோ தகரத்தில் மழை மட்டும். டாக்டர் குழாயை வைத்தார். கேட்டார். கொஞ்சம் தள்ளி வைத்தார். கேட்டார். முதுகுப் பக்கம் வைத்தார். இங்கே இல்லை. இங்கேயும் இல்லை.

"ஸ்ட்ரெச்சர்!" என்று அலறினார்.

அருள் செல்வியின் விரல்களைப் பிரித்துச் சாவியைப் பிடுங்கினான். அவள் கன்னத்தில் முழங்கை இடித்தது. சாவியைப் போட்டுத் திருப்பினான். மோட்டார் முனகிச் சுற்றியது. அந்த முனகலோடு வெண்ணிலாவின் நெஞ்சு மேலே வந்தது. மோட்டார் நின்றது. நெஞ்சு இறங்கியது. மறுபடி திருப்பினான். முன்னைவிட மெதுவாகச் சுற்றியது. முன்னைவிட மெதுவாக நெஞ்சு வந்தது. செல்வி பார்த்துவிட்டாள். சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல், பார்த்துவிட்டாள். மூன்றாம் தடவை திருப்பியபோது 'டக்' என்றது. அவ்வளவுதான். பேட்டரி படுத்துவிட்டது.

"தள்ளு" என்றான் அருள். "செல்வி, தள்ளு."

அவள் கீழே குதித்துப் பின்னால் போனாள். "தள்ளுங்கண்ணா! யாராச்சும் தள்ளுங்க!" என்ற அவள் குரலுக்கு வாட்ச்மேனும், வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும், வழியை மறிக்கிற வண்டியை நகர்த்தத்தான் கேட்கிறாள் என்று எண்ணி வந்து தோள் கொடுத்தார்கள். வண்டி போர்டிகோவை விட்டு மழைக்குள் உருண்டது. சக்கரம் சுற்றச் சுற்ற வெண்ணிலா இழுத்தாள். கீச். விழுங்கினாள். கீச். அருள் இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். வண்டி குலுங்கியது. பிடிக்கவில்லை. மறுபடி கிளட்சை மிதித்தான். "தள்ளுங்க! தள்ளுங்க!"

திறந்த கதவோடு டாக்டர் கூடவே ஓடிவந்தார். குழாய் இன்னும் காதில். "பைத்தியமாய்யா உனக்கு? புள்ளைய விடு! புள்ளைய எங்கிட்ட குடு!" அவன் கொக்கியை மறுபடி இறுகப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வளாகம் பின்பக்கம் கொஞ்சம் மேடு. வண்டி மேட்டில் ஏறியது. மெதுவாக. இன்னும் மெதுவாக. தள்ளியவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொள்ளக் கையை எடுத்தார். இன்னொருவரும் எடுத்தார். "அட, இன்னாம்மா, ஹேண்ட் பிரேக்கு போட்டுக்குதா?" என்று வாட்ச்மேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பக்கக் கண்ணாடியில் செல்வி ஒருத்தி தெரிந்தாள். தலையைக் கவிழ்த்து, சேற்றில் கால் வழுக்க வழுக்க, தோளால் முட்டிக்கொண்டிருந்தாள்.

சக்கரம் அரைச் சுற்று வந்தது. வெண்ணிலாவின் நெஞ்சு பாதி மேலே வந்து, அப்படியே நின்றது.